ஆணி முதல் தூள் வரை: முத்துக்கரையும் படிகச் சீர்மையும்

தாமிரபரணி கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்தது புன்னைக்காயல். ஆற்றின் வழியே சிறிது மேலே சென்றால் பழையகாயல். அதற்கும் அப்பால் உள்நாட்டில் கொற்கை. பொருநை கொணர்ந்த வண்டல் கடலை விலக்க விலக்க, முத்துத்துறையும் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும் பின்னர்ப் புன்னைக்காயலுக்குமாக இடம் பெயர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரேயக் கடற்செலவு' என்னும் கிரேக்க நூல், பாண்டியனுக்குரிய கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் எனக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தின் வளத்தை எழுதினார். அது பழையகாயலே என அறிஞர் கால்டுவெல் நிறுவினார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இக்கரையில் தங்கள் இருப்பிடங்களுள் ஒன்றாகப் புன்னைக்காயலைக் கொண்டனர். அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்றுத் தமிழில் எழுதியதும், 1586இல் 'அடியார் வரலாறு' அச்சேறியதாக நூல்வரலாற்று ஆசிரியர்கள் கொள்வதும் இவ்வூரையே ஆகும். முத்துக்கும் தமிழ் உரைநடைக்கும் ஒருங்கே உரிய ஊர் இது.

முத்துக்குளித்தலின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. எடுத்த முத்தை இக்கரையோர் எவ்வாறு வகுத்தனர், அவ்வகுப்பு இன்றைய படிகவியலின் வகுப்போடு எங்கே ஒத்துச் செல்கிறது, எங்கே பிரிகிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் கவிஞர்களே மிகுதி. ஒரு பொருளுக்குப் பெயரிடுவதும் இனம் பிரிப்பதும் கவிஞர்க்கும் உரிய தொழிலாதலின், இப்பொருள் இம்மலருக்கு அயலானது அன்று எனக் கருதுகிறேன்.

பத்துச் சல்லடைகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடியில் நிகழ்ந்த முத்துக்குளிப்பைச் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் நேரிற் கண்டு எழுதினார். பின்னர் ஜேம்ஸ் ஹார்னெல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில்களை விரிவாக ஆராய்ந்தார். இவர்கள் காலத்து நடைமுறை இது: குளியாளிகள் மூழ்கி எடுத்த சிப்பிகள் கரையில் எண்ணப்படும். மூன்றில் இருபங்கு அரசுக்கு, ஒருபங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். வாங்கிய வணிகர் சிப்பியை அழுகவிட்டு, மரத்தொட்டியில் இட்டுக் கழுவி, அடியில் தங்கிய முத்துகளைத் திரட்டுவர். சிப்பிக்குள் முத்து உண்டா இல்லையா என்பது விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

திரட்டிய முத்துகளை முதலில் அளவால் பிரிப்பர். இதற்குத் துளையிட்ட பித்தளைத் தட்டுகள் பத்து உண்டு. முதல் தட்டில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 எனத் துளைகள் பெருகும். தட்டின் பரப்பு ஒன்றேயாதலால், துளைகளின் எண்ணிக்கை ஏற ஏறத் துளையின் அளவு குறையும். 20 முதல் 80 வரையுள்ள தட்டுகளில் தங்கியவை 'மேல்'. 100 முதல் 1000 வரையுள்ளவற்றில் தங்கியவை 'வடிவு'. ஆயிரந் துளைத் தட்டையும் கடந்து விழுந்தவை 'தூள்'.

அதன்பின் உருவமும் ஒளியும் நோக்கி இனம் பிரிப்பர். குற்றமற்ற உருண்டையும் நிறைந்த ஒளியும் உடையது 'ஆணி'. அதனினும் சற்றே குறைந்து, ஆணியைப் பின்தொடர்ந்து வருவது 'அணதாரி'. ஒளி குன்றியது 'மசங்கு'. உருவும் ஒளியும் மேலும் தாழ்ந்தது 'கழிப்பு'. இரண்டாக ஒட்டிப் பிறந்தது 'குறுவல்'. கோணல்மாணலாக உருத்திரிந்தது 'பீசல்'. வளைந்து மடிந்தது 'மடங்கு'. இப்பெயர்களுள் பல அயலவர் அறிக்கைகளில் அவரவர் செவிக்கு எட்டியவாறு உரோம எழுத்தில் பதிவாகியுள்ளன. ஒரே பெயர் ஓர் அறிக்கையில் அணதாரி என்றும் வேறோர் அறிக்கையில் அணைதாரி என்றும் படிக்கத்தக்கவாறு நிற்பது அதனாலேயே. தமிழ்ச் சொற்களைத் தமிழர் அயலார் ஏட்டிலிருந்து மீட்டெழுத வேண்டியிருக்கிறது.

இப்பெயர்களின் பொருட்செறிவு நோக்கத்தக்கது. மாலை மயங்கும் பொழுதை நம் சிற்றூர்களில் 'மசங்கல்' என்பர். ஒளி முற்றும் அணையாது, தெளிவும் இன்றி நிற்கும் அந்த நிலையையே முத்தின் மேலும் ஏற்றிக் கூறியுள்ளனர். இது வணிகரின் குழூஉக்குறி மட்டும் அன்று. கண்ணால் கண்டதை ஒரு சொல்லில் நிறுத்திய உவமை.

இப்பகுப்பின் அடிப்படை யாது? கோளத்தை எப்பக்கம் எவ்வளவு திருப்பினும் அதன் தோற்றம் மாறுவதில்லை. ஒருபுறம் தட்டையாகிவிட்ட பொத்தான் முத்து, தன் நடு அச்சைச் சுற்றித் திருப்பும்போது மட்டுமே மாறாது தோன்றும். சமமான இரட்டை முத்து, அரைச் சுற்றுத் திருப்பினால் முன்போலத் தோன்றும். உருத்திரிந்த முத்தோ, முழுச்சுற்றுச் சுற்றி முதல் நிலைக்கு வந்தாலன்றித் தன்னைப் போல் தோன்றாது. எனவே, ஒளியைத் தனியே வைத்து உருவை மட்டும் நோக்கின், ஆணியிலிருந்து பீசல் வரை இறங்கும் வரிசை சீர்மை படிப்படியாகக் குறைந்துவரும் வரிசையே ஆகும். சீர்மை என்னும் சொல்லை ஆளாமலேயே இக்கரையோர் அதனை அளந்தனர்.

அளந்ததன் பயன் விலை. முத்தின் மதிப்பு எடைக்கு நேர் விகிதத்தில் ஏறாது. எடையின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறும். எடை இருமடங்கானால் மதிப்பு நான்மடங்காகும். அதன்மேல் இனத்திற்கேற்ற ஏற்றத்தாழ்வு வேறு. மஞ்சாடி எடையும் இனப்பெயரும் சேர்ந்தே முத்தின் தலையெழுத்தை எழுதின.

பழைய பட்டியல்கள்

முத்தை இவ்வாறு பகுக்கும் மரபு நெடியது. கௌடலியரின் அர்த்தசாத்திரம் முத்துப் பிறக்கும் இடங்களைக் கூறுங்கால் தாமிரபரணியையும் பாண்டியகவாடத்தையும் முதலில் வைக்கிறது. மசூரப் பருப்பு வடிவினது, முப்பிளவினது, ஆமை வடிவினது, அரைமதி வடிவினது, மேல்தோல் தடித்தது, இரட்டை எனப் பதின்மூன்று குற்றமுடைய முத்துகளை அது எண்ணுகிறது. நல்ல முத்துக்குரிய இயல்புகளுள் ஒன்றாக அது குறிப்பது, அமர்வதற்குத் தட்டையான அடி இல்லாமை. தளத்தில் வைத்தால் ஓரிடத்தில் நில்லாது உருளுவதே உருண்டைக்குச் சான்று. கருவி வேண்டாத சோதனை இது.

வராகமிகிரரின் பிருகத்சங்கிதை ஒவ்வொரு துறையின் முத்துக்கும் ஒவ்வோர் உருவம் கூறுகிறது. பாண்டிய நாட்டுத் துறை முத்துக்கு அது சொல்லும் உவமைகளுள் வேப்பம்பழமும் கொத்துமல்லி விதையும் உள்ளன.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வருவோம். முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த அணிகலன்களில் கோத்த முத்துகள் ஒவ்வொன்றும் எண்ணி எடையிட்டு எழுதப்பட்டுள்ளன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என அவ்வரிசை நீள்கிறது. வட்டம் முழு உருண்டை. அனுவட்டம் அதனை அடுத்தது. ஆணிக்கும் அணதாரிக்கும் உள்ள உறவு இதுவே. நிம்பம் என்பது வேம்பு. வடமொழி நூல் கூறும் வேப்பம்பழ முத்தும் கல்வெட்டின் நிம்பொளமும் ஒன்றாகலாம் என எண்ணத் தோன்றுகிறது. ஒளியை 'நீர்' என்ற சொல்லால் குறித்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என இருவகையும் காட்டியுள்ளனர். கறடும் சப்பத்தியும் கோயிலுக்கு ஆகாதவை என ஒதுக்கப்படவில்லை. அவையும் வட்டத்தோடு சேர்ந்து இறைவனின் அணியில் ஏறின. பெயரோடு கல்லிலும் ஏறின.

எட்டுப் பலகையும் ஆறு கோணமும்

முத்தைப் பகுத்த கண்ணே மணியையும் பகுத்தது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காண்கிறான். அங்கே இளங்கோவடிகள் வயிரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கைக் குறிக்கிறார். முத்தின் ஒளியைத் திங்கள், வியாழன், செவ்வாய் என்னும் மூன்றன் நிறத்தோடு வைத்துக் காட்டுகிறார். இக்காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், இது வருணனையா வணிகக் குறிப்பா என்று மாணவியருள் ஒருவரேனும் வினவுவதுண்டு. இரண்டும்தான் என்பதே விடை. தெருவில் வழங்கிய வகைப்பெயரைக் காப்பியம் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இப்பகுதிக்கு உரை காணும் அடியார்க்குநல்லார் வயிரத்தின் குணங்களுள் எட்டுப் பலகையையும் ஆறு கோணத்தையும் எண்ணுகிறார். வடமொழி இரத்தின நூல்களோ ஆறு முனை, எட்டுப் பக்கம், பன்னிரண்டு விளிம்பு என்கின்றன. கணக்கு மிகச் சரியானது. இரண்டு சதுரக் கூம்புகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற எண்முக வடிவமே பட்டை தீட்டாத நல்ல வயிரத்தின் இயற்கை உருவம். முகத்தையும் முனையையும் விளிம்பையும் எண்ணுதல் படிகவியலின் முதற்படி. அம்முதற்படியில் நம்மவர் உறுதியாகக் கால் வைத்திருந்தனர்.

படிகம் என்பது வடசொல் வழி வந்தது. பளிங்கு பழந்தமிழ் வழக்கு. மணிமேகலையில் உதயகுமரனிடமிருந்து விலகி மணிமேகலை புகுந்து நின்ற பளிக்கறையை நாம் அறிவோம். உள்ளே இருப்பது புறத்தே தெரியும். ஆயினும் தொட முடியாது. படிகத்தின் உள்ளொழுங்கும் நெடுங்காலம் அப்படியே இருந்தது.

உருவத்திலிருந்து சீர்மைக்கு

இயற்கையில் கிடைக்கும் படிகங்கள் வயிரத்தைப் போல எளிதில் எண்ணத்தக்கவை அல்ல. ஒரே கனிமம் நெடிதாகவும் குட்டையாகவும் ஊசியாகவும் தகடாகவும் கிடைக்கிறது. உருவத்தை மட்டும் நம்பினால் ஒன்று பலவாகும்; பல ஒன்றாகும். இக்குழப்பத்திற்கு வழி கண்டவர் டென்மார்க்கு நாட்டு நிக்கோலாஸ் ஸ்டெனோ. பளிங்குக் கற்களின் முகங்கள் அளவில் எவ்வளவு வேறுபடினும் அம்முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறுவதில்லை என 1669இல் அவர் எழுதினார். 1783இல் பிரான்சு நாட்டு உரோமே த லீல் பல கனிமங்களின் கோணங்களைக் கருவி கொண்டு அளந்து, இதனைப் பொதுவிதியாக நாட்டினார்.

கவிஞர்க்கு இவ்விதியை விளக்க யாப்பே போதும். குறள் வெண்பா இரண்டடி; சிந்தியல் மூன்றடி; நேரிசையும் இன்னிசையும் நான்கடி; பஃறொடை அதனினும் நீளும். தாளில் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆயினும் சீருக்கும் சீருக்கும் இடையே நிற்கும் வெண்டளை மாறுவதில்லை. தளை மாறினால் வெண்பா இல்லை. படிகத்தின் முகத்திற்கும் முகத்திற்கும் இடையே நிற்கும் கோணமும் அத்தகையதே. அடிகளை எண்ணி வெண்பாவைக் காண முற்படுவோனும் முகத்தின் நீள அகலத்தைக் கொண்டு படிகத்தைக் காண முற்படுவோனும் ஒருசேரப் பிழைபடுவர்.

அடுத்து வந்த ஆய் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், கால்சைட்டுப் படிகம் உடைந்தால் அதன் துண்டுகள் எல்லாம் ஒரே சாய்வுடைய சிறு கட்டிகளாவதைக் கண்டு, படிகம் என்பது ஒத்த சிறு கட்டிகளின் அடுக்கே என 1784இல் விளக்கினார். சீர் அடுக்கி அடியாவது போல.

இவ்வரலாற்றில் தமிழ்ச்சொல் ஒன்றும் இடம்பெற்றது. தென்னாட்டில் மணிகளைத் தீட்டப் பயன்பட்ட கடினமான கல்லைக் குருந்தம் என்பர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் கோரண்டம் ஆயிற்று. இந்தியாவிலிருந்து சென்ற குருந்தக்கல்லைப் பற்றி 1798இல் சார்லஸ் கிரெவில் இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை அளித்தார். பிரெஞ்சுப் புரட்சியால் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த பூர்னோன் பிரபு அப்படிகங்களை ஆராய்ந்தார். சிவந்த மாணிக்கமும் நீலமும் அழுக்குநிறக் குருந்தமும் ஒரே கனிமம் என்னும் முடிபு இவ்வாறான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. அரசன் முடியில் ஏறியதும் சாணைக்காரன் கையில் தேய்ந்ததும் ஓரினம். நிறம் பிரித்ததைச் சீர்மை இணைத்தது.

சீர்மை என்பதன் பொருளை இனி வரையறுக்கலாம். ஒரு பொருளைச் சுழற்றியோ கண்ணாடியில் எதிரொளித்தோ நோக்கியபின் அது முன்போலவே தோன்றுமாயின், அச்செயல் அப்பொருளின் சீர்மை எனப்படும். கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர் முகங்களின் நடுவே ஊசி செருகிக் கால் சுற்றுத் திருப்பினால் மாறாது. இத்தகைய அச்சு மூன்று. எதிரெதிர் மூலைகளுக்கு இடையே செருகி மூன்றிலொரு சுற்றுத் திருப்பினாலும் மாறாது. இத்தகைய அச்சு நான்கு. எதிரெதிர் விளிம்புகளின் நடுவே செருகி அரைச் சுற்றுத் திருப்பினாலும் மாறாது. இத்தகைய அச்சு ஆறு. ஆக 13 அச்சுகள். அவற்றோடு 9 எதிரொளிப்புத் தளங்கள். அடியார்க்குநல்லார் காட்டும் எட்டுப் பலகை வயிரத்திற்கும் இதே 13 அச்சுகளும் இதே 9 தளங்களும் உண்டு. கனசதுரமும் எண்முகமும் உருவத்தால் வேறு, சீர்மையால் ஒன்று.

இவ்வாறு எண்ணிச் சென்றால் படிகங்கள் ஏழு தொகுதிகளில் அடங்கும். கனசதுரம்: உப்பு, வயிரம். அறுகோணம்: மரகதம். நாற்கோணம்: நம் தென்கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்க்கோன். முக்கோணம்: பளிங்குக்கல், குருந்தம், கால்சைட்டு. செஞ்சாய்சதுரம்: முத்தின் பொருளாகிய அரகோனைட்டு. ஒற்றைச்சரிவு: கற்கண்டு, ஜிப்சம். முச்சரிவு: மயில்துத்தம். முதலாவதில் சீர்மை மிகுதி. இறுதியில் சுழல் அச்சு ஒன்றும் இல்லை. சீர்மைகள் இணையக்கூடிய வகைகள் 32 என 1830இல் ஹெஸ்ஸல் கணக்கிட்டார். உள்ளே புள்ளிகள் அடுக்கத்தக்க முறைகள் 14 என 1848இல் பிராவே காட்டினார். இரண்டையும் இணைத்து 230 தொகுப்புகளை 1891இல் இரசியாவின் பெதரோவும் செருமனியின் ஷோன்பிளீசும் தனித்தனியே கண்டனர். கணக்கு முடிந்தபின்னரே கண்ணுக்குச் சான்று கிடைத்தது. 1912இல் லாவேயின் குழுவினர் மயில்துத்தப் படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, ஒழுங்கான புள்ளிகளைப் படத்தாளில் பெற்றனர். பளிக்கறையின் உள்ளே இருந்தது அன்று புறத்தே தெரிந்தது.

பூக்களுள் ஐந்திதழ் மிகுதி. ஆயினும் சுழற்சியில் ஐந்து மடிச் சீர்மை படிகத்துக்கு இல்லை என்பது இக்கணக்கின் ஒரு முடிபு. 1982இல் இசுரேல் நாட்டு ஷெக்ட்மன் உலோகக் கலவை ஒன்றில் அத்தகைய சீர்மையைக் கண்டபோது பலர் நம்ப மறுத்தனர். அடுக்கு மீளாமலே ஒழுங்கு நிலவும் அப்பொருள்கள் இன்று போலிப் படிகங்கள் எனப் பெயர் பெற்றுள்ளன. 2011இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இலக்கணம் கண்டதற்கும் இலக்கியம் புதிதாகப் பிறக்கும். அதற்கு இலக்கணம் மீண்டும் இடம் தரும்.

உப்பும் சங்கும்

புன்னைக்காயலைச் சூழ்ந்த நிலப்பரப்பில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. இந்தியாவில் குசராத்துக்கு அடுத்து உப்பு விளையும் இடம் தமிழகம். அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக் கரையினது. பாத்தியில் தேக்கிய கடல்நீர் வெயிலில் வற்றும்போது எல்லாம் ஒருங்கே உறைவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், நீர் மேலும் செறிந்தபின் உப்பு. கைப்பு மிக்க மக்னீசிய உப்புகள் எஞ்சிய நீரிலேயே தங்கும். ஒவ்வொன்றும் தன் முறை வந்தபோது தன் உருவில் பிரிகிறது. நீரின் மேற்பரப்பில் பிறக்கும் உப்பு சில வேளை உட்குழிந்த சதுரக் கூம்பாக மிதந்து, பின் தன் பாரத்தால் அடியில் இறங்கும். பாத்தியோரத்தில் குனிந்து ஒரு கல்லுப்பை எடுத்து நோக்கினால் அதன் செங்கோணம் கண்ணுக்கே தெரியும். 1913இல் இளைய பிராக் எக்ஸ் கதிரால் உள்ளமைப்பை முதன்முதலில் தெளிவாக்கிய பொருள்களுள் ஒன்று இவ்வுப்பே.

சீர்மை வகுப்பில் உப்புக்கும் வயிரத்துக்கும் ஒரே இருக்கை. கொதிக்கும் வெயிலில் பெண்கள் தலைச்சுமையாகச் சுமந்து குவிக்கும் உப்பும் அரசர் போரிட்டுக் கவர்ந்த வயிரமும் 13 அச்சு, 9 தளம் என்னும் ஒரே கணக்கில் நிற்கின்றன. வணிகரின் வரிசையில் இவ்விரண்டும் இரு கோடிகள்.

சங்கு சீர்மையின் மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. இக்கரையில் மூழ்கி எடுக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாம் இடம்புரி. வலம்புரி மிக மிக அரிது. இரண்டும் ஒன்றற்கொன்று கண்ணாடி உரு. இடக்கையும் வலக்கையும் போல, எவ்வளவு திருப்பினும் ஒன்று மற்றொன்றாகாது. விலங்கியலார் நம் வலம்புரியை இடச்சுழி என்பர். இது முரண் அன்று; அவர்கள் சங்கின் கூர்முனையை மேலாகப் பிடித்து நோக்குகின்றனர், நம்மவர் கீழாகப் பிடித்து நோக்கினர். படிகங்களிலும் இத்தகைய இரட்டையர் உண்டு. பளிங்குக்கல் இடவகை, வலவகை என இரண்டாகக் கிடைக்கிறது. 1848இல் லூயி பாஸ்டர், டார்ட்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை இடம், வலம் எனக் கையால் பொறுக்கிப் பிரித்து, மூலக்கூறுகளுக்கும் இடவலம் உண்டு என்னும் உண்மைக்கு வழி திறந்தார். பாரிசு நகரத்து ஆய்வுக்கூடத்தில் அவர் செய்த வேலையைத் தூத்துக்குடிச் சங்குக் கொட்டடியில் நம்மவர் பன்னெடுங்காலமாகச் செய்துவந்தனர். அவர் வினவிய வினாவை மட்டும் வினவவில்லை.

முத்தின் உள்ளே

மீண்டும் முத்துக்கு வருவோம். முத்துச்சிப்பியின் ஓட்டில் புற அடுக்கு கால்சைட்டு. உள்ளே மின்னும் அடுக்கு அரகோனைட்டு. இரண்டும் கால்சியம் கார்பனேட்டே. முன்னதற்கு மும்மடி அச்சு. பின்னதற்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று இருமடி அச்சுகள். ஒரே பொருளை ஓர் உயிர் தன் உடலில் இருவேறு சீர்மைகளில் அடுக்குகிறது. அரகோனைட்டின் உள்ளமைப்பை 1924இல் பிராக் கண்டறிந்தார்.

முத்து என்பது அரகோனைட்டுத் தகடுகள் பல்லாயிரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சூழ்ந்து அமைந்தது. ஒவ்வொரு தகட்டின் தடிப்பும் ஏறக்குறைய மில்லிமீட்டரில் 2000இல் ஒரு பங்கு. தகடுகளை மெல்லிய உயிர்ப்பொருள் பிணைக்கிறது. தடிப்பு ஒளியின் அலைநீளத்தை ஒத்திருப்பதால் அடுக்குகளிலிருந்து மீளும் ஒளி கலந்து நிறம் காட்டுகிறது. அதனையே முன்னோர் நீர் என்றனர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1930களில் கிளிஞ்சல்களின் நிறத்தையும், 1950களில் கிருஷ்ணமூர்த்தி என்னும் அறிஞருடன் முத்தின் ஒளியையும் ஆராய்ந்து எழுதியது இங்கு நினைக்கத்தக்கது.

இதனால் பெறப்படுவது ஒன்று உண்டு. தனிப்படிகம் எதுவும் இயல்பாக உருண்டை ஆவதில்லை. ஆணியின் உருண்டை, கோணமுடைய தகடுகள் சேர்ந்து வளைந்த வளைவு. அவ்வாறே மடங்கிலும் பீசலிலும் கழிப்பிலும் உள்ள தகடுகள் ஆணியில் உள்ள அதே அரகோனைட்டுத் தகடுகளே. அச்சு அதே மூன்று. கோணம் அதே கோணம். சிப்பிக்குள் இடம் கிடைத்த வகையில் புற உருவம் அமைந்தது. சல்லடை பிரித்தது புறத்தை. அகத்தில் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

நிறைவாக

இருவகைப் பகுப்பையும் அருகருகே வைத்துக் கண்டோம். கரையோரின் பகுப்பு கூர்மையானது. அழகிய சொற்களால் ஆனது. ஆயின் அதன் ஒவ்வொரு படியும் ஒரு விலை. படிகவியலின் பகுப்பு ஏழு படிகளாயினும் அவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. முச்சரிவு கனசதுரத்தினும் இழிந்தது என எந்நூலும் கூறாது. நாம் மக்களையும் மொழிகளையும் கவிதைகளையும் பகுக்கும்போது இவ்விரண்டனுள் எதனைக் கையாளுகிறோம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆணி என்றால் சிறப்பு, கழிப்பு என்றால் குப்பை என வழங்கும் உவமையை நாமும் எழுதிவந்திருக்கிறோம். மூச்சடக்கி மூழ்கியவன் பங்காகப் பெற்றது திறக்காத சிப்பி. ஆணியும் அணதாரியும் பெரும்பாலும் பிறர் தட்டில் பிறந்த பெயர்கள்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் நடைபெறவில்லை. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி குழுவினர் இந்தியாவில் முதன்முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கினர். வளர்ப்பு முத்தில் ஓட்டிலிருந்து கடைந்த சிறு கோளத்தைச் சிப்பிக்குள் வைப்பர். சிப்பி அதன்மேல் தகடுகளை அடுக்கும். உருண்டை இன்று முன்னரே உள்ளே வைக்கப்படுகிறது. ஆணிக்கும் மசங்குக்கும் இடையே கண்ணிமைக்காது நோக்கிய கண்ணுக்கு அங்கே பழைய வேலை இல்லை.

கண்ணின் வேலை போனபின் சொல்லும் போகும். மசங்கு, மடங்கு, குறுவல், பீசல், அனுவட்டம், நிம்பொளம், கறடு, குளிர்ந்த நீர் என்பன இன்று கல்வெட்டுத் தொகுதியிலும் அயலார் அறிக்கையிலும் உறங்குகின்றன. நம் பாடல்களிலோ முத்து என்னும் ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது; அதுவும் பல்லுக்கும் வியர்வைக்கும் பனித்துளிக்கும் உவமையாக மட்டும். புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் முத்துத்தொழிலைக் கண்ட முதியோர் சிலரேனும் இருக்கக்கூடும். அவர்தம் வாயிலிருந்து இப்பெயர்களின் சரியான ஒலியைக் கேட்டு எழுதிவைத்தல் நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும். தொகுத்த சொற்களைக் கவிஞர்கள் கையாளல் வேண்டும். அவ்வாறு கையாளுங்கால், தஞ்சைக் கல்வெட்டு செய்ததைப் போல வட்டத்தோடு கறடையும் ஒரே வரிசையில் எழுதுவார்களாயின், சொல்லும் பிழைக்கும். அச்சொல்லை ஆக்கியோரின் உழைப்பும் நினைவில் நிற்கும்.